மலைக்கடாவின் பங்கு

இலையுதிர்கால விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடியதும் மெலிஸ் வீட்டில் நாலு பேரும் ஒரு நாயும் மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். நகரத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இது பிடிக்காது. சின்னப் பிள்ளைகளைத் துப்பாக்கிக்கும் ரத்தத்துக்கும் நடுவில் கொண்டுபோய் வைப்பதா என்று போனில் கேட்பார்கள். மெலிஸ் சிரித்து மழுப்பிவிடுவான். அவன் மனைவி கனிஷாய் போனைப் பிடுங்கிப் பேசிவிடுவாள். "நீங்க கடையில பை பையா வாங்கித் திங்கிற கோழி தானா வந்து படுத்து உயிரை விட்டுச்சா? எம் பிள்ளைங்க திங்கிறது எங்கேருந்து வருதுன்னு அதுங்களுக்குத் தெரியும். உங்க பிள்ளைங்களுக்குத் தெரியுமான்னு முதல்ல கேளுங்க."

அந்த வருஷம் மகள் பெகிமாய்க்குப் பதின்மூன்று முடிந்திருந்தது. முதல் தடவையாக அவள் கையில் துப்பாக்கி கொடுப்பதாக அப்பா சொல்லியிருந்தான். எட்டு வயது எலெபெஸுக்கு அந்தப் பொறாமை தாங்கவில்லை. வழி முழுக்க அம்மாவின் சேணத்தில் முன்னால் உட்கார்ந்துகொண்டு, தனக்கு எப்போது, தனக்கு ஏன் இல்லை என்று நச்சரித்துக்கொண்டே வந்தான். வேட்டைநாய் சும்கார் குதிரைகளுக்கு முன்னால் ஓடுவதும் திரும்பி வந்து பார்ப்பதுமாக இருந்தது.

கோக்-புலாக் பள்ளத்தாக்கின் வாயில் இரண்டு வருஷமாக ஒரு தடுப்புக் கம்பி. மேல்பள்ளத்தாக்கு முழுவதையும் வேட்டைக் கம்பெனி ஒன்று குத்தகைக்கு எடுத்திருந்தது. கம்பியைத் திறப்பதும் மூடுவதும், வெளிநாட்டு வேட்டைக்காரர்களை மலைக்கடா என்ற பெருங்கொம்புக் காட்டாட்டிடம் கூட்டிப்போவதும் சோவெத்பெக்கின் வேலை. அவனும் மெலிஸும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். தாஷ்-கெச்சூ கிராமத்தில் ஆளுக்கொரு கோடியில் வீடு.

"என்னடா மெலிஸு, குடும்பத்தோட படையெடுத்து வந்துட்ட?"

"கௌதாரிதான்டா. கெடைச்சா முயல். பிள்ளைங்களுக்கு லீவு."

"ஓடைக்கு இந்தப் பக்கமே இருந்துக்கோ. மேல விருந்தாளி வந்திருக்காரு. உன் நாய் குரைச்சு அவரோட கடா ஓடிப்போச்சுன்னா எம் பொழப்புல மண்ணு விழுந்துடும்."

"அவரோட கடாவா?" என்றாள் கனிஷாய். "ஊர்லேருந்து கூடவே ஓட்டிட்டு வந்தாராமா?"

சோவெத்பெக் சிரித்தான். "தங்கச்சிக்கு அந்த வாய் மட்டும் குறையவே இல்ல" என்று சொல்லிக் கம்பியைத் தூக்கிவிட்டான்.

மெலிஸிடம் இருந்த அனுமதி பறவைக்கும் முயலுக்கும்தான். துப்பாக்கியும் ரவைத் தோட்டா போடும் பழைய இரட்டைக்குழல். அதை வைத்துக்கொண்டு மலைக்கடாவைக் கனவில்கூடச் சுட முடியாது. அவர்களுக்கு அது வேண்டியதும் இல்லை. ஓடைக்கு இப்புறம், பாறை மறைவில் கூடாரம் அடித்துத் தேநீர் போட்டு, ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறியதும் சரிவில் நடக்கத் தொடங்கினார்கள்.

பெகிமாய் முதலில் சுட்ட இரண்டும் காற்றோடு போயின. "மேகத்துக்கு ரெண்டு ஓட்டை" என்றான் எலெபெஸ். அடித்த பறவைகளைச் சுமப்பது தன் வேலை என்று அவனே வைத்துக்கொண்டிருந்தான். சுமக்க ஒன்றும் இல்லாததால் வாய்க்கு ஓய்வில்லை. மூன்றாவது தடவை ஒரு கௌதாரி தடுமாறிக் கீழே விழுந்து, இறக்கையை இழுத்துக்கொண்டு பாறை இடுக்குகளுக்குள் ஓடிவிட்டது. சும்கார் மோப்பம் பிடித்துப் பார்த்துத் தோற்றது. மெலிஸும் தேடினான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"விடும்மா. அடுத்ததைப் பாப்போம்" என்றான்.

"நான் வரலை" என்றாள் பெகிமாய்.

"எங்க இருக்குன்னே தெரியலையே."

"இங்கதான் எங்கயோ இருக்கு. வலிக்கும்ல அதுக்கு."

அவள் துப்பாக்கியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முழங்காலில் தவழ ஆரம்பித்தாள். பசிக்கிறது, குளிர்கிறது, ஒன்றுக்கு வருகிறது என்று எலெபெஸ் வரிசையாகச் சொல்லிப் பார்த்தான். அக்கா திரும்பவே இல்லை. கடைசியில் அவனும் குனிந்து முட்செடிக்கு அடியெல்லாம் கையை விட்டுத் துழாவினான். கண்டுபிடித்தது அவன்தான். பெகிமாய் பறவையை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் திருகினாள். அதைச் சுமக்கத் தம்பியிடம் கொடுத்தாள். மகளைப் பார்த்து கனிஷாய்க்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அதை வாயால் சொல்லி அவளைக் கூச்சப்படுத்தவில்லை.

கூடாரத்துக்குத் திரும்பும்போது மேலே எங்கோ துப்பாக்கி வெடித்தது. எதிரொலி அடங்குவதற்குள் இன்னொன்று.

"பட்டுடுச்சாப்பா?" என்றான் எலெபெஸ்.

"தெரியலடா. பட்டிருந்தா தேடிப் போவாங்க. குதிரைங்க மேட்டுல ஏறுறது தெரியும் பாரு."

குதிரைகள் மேலே ஏறவில்லை. வெளிச்சம் இன்னும் மிச்சம் இருக்கும்போதே மூன்று குதிரைகள் ஓடைக்கு அந்தப் பக்கம் இறங்கிக் கம்பெனிக் குடிசைக்குப் போயின. கொஞ்ச நேரத்தில் புகைபோக்கியில் புகை எழும்பியது. கறி வறுக்கும் வாசனை ஓடையைத் தாண்டி வந்தது. யாரோ உரக்கச் சிரித்தார்கள். படாமல் போயிருக்கும் என்று நினைத்து இவர்களும் கௌதாரியைச் சுட்டுச் சாப்பிட்டுப் படுத்தார்கள்.

காலையில் தரையெல்லாம் உறைபனி. சும்கார் கூடாரத்துக்குப் பின்னால் இருந்த பள்ளத்தின் விளிம்பில் நின்று குரைத்துக்கொண்டே இருந்தது. கூப்பிட்டால் வரவில்லை. முயலாக இருக்கும் என்று மெலிஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனான். போன இடத்தில் அப்படியே நின்றுவிட்டான். பின்னாலேயே பிள்ளைகள் ஓட, அவர்கள் பின்னால் கனிஷாய் ஓடினாள்.

பள்ளத்தின் அடியில், அர்ச்சா என்ற ஊசியிலைப் புதருக்குக் கீழே, ஒரு பெரிய மலைக்கடா கிடந்தது. கொம்பு இரண்டும் வளைந்து முதுகைத் தொட்டன. வயிற்றில் குண்டு பாய்ந்து குடல் பிதுங்கியிருந்தது. ரத்தம் கறுத்துக் காய்ந்து ரோமத்தோடு ஒட்டிப்போயிருந்தது. பின்னங்கால்களால் எழ முடியாமல் முன்னங்கால்களால் தரையைச் சுரண்டிச் சுரண்டி, புதருக்குக் கீழே உறைபனி உடைந்து மண் வெளியே தெரிந்தது. மூச்சு விடும்போது மூக்கிலிருந்து ஆவி வந்தது. உயிர் இருந்தது.

மேலே சரிவைப் பார்த்தாள் கனிஷாய். நேற்றுச் சாயங்காலம் சுட்ட இடத்திலிருந்து இவ்வளவு தூரம் இது தன்னை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. ரத்தத் தடம் வெள்ளை உறைபனிக்கு அடியிலும் கண்ணுக்குத் தெரிந்தது. பின்தொடர்ந்து வர யாருக்கும் பெரிய கெட்டிக்காரத்தனம் தேவைப்பட்டிருக்காது. வந்திருந்தால் போதும்.

"தொடாதே" என்றான் மெலிஸ். "இதுக்கு நம்மகிட்ட அனுமதி இல்ல. நான் போய் சோவெத்தைக் கூட்டிட்டு வரேன்."

"நீ போய்ட்டு வர்ற வரைக்கும்?"

"என்ன செய்யச் சொல்ற? நாளைக்கு நம்ம தலையில கட்டிடுவாங்க. அவனுங்க கம்பெனி, அவனுங்க கடா."

"இது யாரோட கடாவும் இல்ல."

"கனிஷாய், பிள்ளைங்க முன்னாடி வேண்டாம்."

"பிள்ளைங்க முன்னாடிங்கிறதாலதான் சொல்றேன்."

எலெபெஸ் அழவில்லை. குரல் மட்டும் மெலிந்துபோயிருந்தது. "அப்பா, அது நம்மளையே பாக்குது."

பெகிமாய் விடுவிடுவென்று திரும்பி நடந்து, அப்பாவின் சேணத்தில் தொங்கிய கத்தியை உறையோடு கொண்டுவந்து நீட்டினாள். மெலிஸ் அவளையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு பள்ளத்துக்குள் இறங்கினான். கனிஷாய் கொம்பைப் பிடித்துத் தலையைச் சாய்த்துப் பிடித்தாள். மெலிஸ் பிஸ்மில்லா சொல்லி ஒரே இழுப்பில் அறுத்தான். கடா பெரிதாகத் துடிக்கவில்லை. துடிக்க அதனிடம் மிச்சம் எதுவும் இல்லை.

அவர்கள் கையைப் பனியில் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கும்போது குதிரைகள் வந்தன. முன்னால் சோவெத்பெக். அவனுக்குப் பின்னால் சாம்பல் தாடி வைத்த வெளிநாட்டுக்காரர். கடைசியில் செஸிம் என்ற மொழிபெயர்ப்புப் பெண், தலைநகரத்திலிருந்து கம்பெனி வரவழைத்தவள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. மூவரும் நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டுவிட்டு நிதானமாகத்தான் வந்திருந்தார்கள்.

சோவெத்பெக் குதிரையிலிருந்து குதித்து, முதலில் கொம்பைத்தான் பார்த்தான். உடைந்திருக்கிறதா என்று விரலால் தடவினான். அப்புறம் கழுத்தைப் பார்த்தான்.

"என்னடா செஞ்சு வச்சிருக்கீங்க?"

"உயிரோட கெடந்துச்சு" என்றான் மெலிஸ்.

"அதுக்கு? கழுத்தைப் போய் இப்படி அறுத்திருக்க. அவரு தலையைக் கழுத்துத் தோலோட பதம் பண்ணிச் சுவத்துல மாட்டுறவரு. இதை எப்படித் தைக்கிறது?"

கனிஷாய்க்கு ஒரு நிமிஷம் காது அடைத்துப்போயிற்று. கோபம் வந்தால் அவளுக்கு அப்படித்தான். "ராத்திரியெல்லாம் இது இங்க மண்ணைச் சுரண்டிக்கிட்டுக் கெடந்திருக்கு" என்றாள். "ரெண்டு வெடி வெடிச்சதை நாங்க கேட்டோம். நீங்க இறங்கிப் போனதையும் பாத்தோம். வெளிச்சம் இருந்துச்சு. ஏன் வரலை?"

"விருந்தாளிக்குக் குளிருச்சு தங்கச்சி. வயசானவரு."

"கடாவுக்கும் குளிருச்சு."

வெளிநாட்டுக்காரர் என்ன பேச்சு என்று செஸிமிடம் கேட்டார். செஸிம் சோவெத்பெக்கின் முகத்தைப் பார்த்துவிட்டு, புன்னகையோடு அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் நெஞ்சில் கை வைத்து கனிஷாயைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார்.

"என்ன சொன்னே அவருகிட்ட?" என்று கேட்டாள் கனிஷாய்.

"நீங்க சொன்னதைத்தான் அக்கா."

"இல்லம்மா" என்றாள் பெகிமாய். அவளுடைய இங்கிலீஷ் டீச்சர் கண்டிப்பானவர். "நம்ம பள்ளத்தாக்கோட பெரிய கடாவை அடிச்சதுக்கு வாழ்த்துகள்னு நீ சொன்னதா சொன்னாங்க."

செஸிமின் காது மடல் சிவந்தது. "இதெல்லாம் எனக்கு வேலை. தயவுசெஞ்சு பிரச்சினை பண்ணாதீங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

கனிஷாய் மகளின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "நீ சொல்லு அவருகிட்ட. நான் சொன்னதை அப்படியே சொல்லு."

பெகிமாய் அவர் பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். கடா ராத்திரி முழுக்கச் சாகாமல் கிடந்தது. நீங்கள் வரவில்லை. ஏன் என்று என் அம்மா கேட்கிறாள்.

அவர் கேட்டுக்கொண்டார். முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று. பரவாயில்லை, மனுஷன் வருத்தப்படுகிறான் என்று கனிஷாய் ஒரு கணம் நினைத்தாள். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"அதெல்லாம் வழிகாட்டியோட பொறுப்பாம்" என்றாள் பெகிமாய். "அவரு சுடுறதுக்குத்தான் வந்தாராம்." கொஞ்சம் தயங்கிவிட்டு மிச்சத்தையும் சொன்னாள். "போட்டோ எடுக்கணுமாம். நம்ம நாயைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்றாரு."

அதன் பிறகு நடந்ததைப் பிள்ளைகள் இரண்டும் வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றன. சோவெத்பெக் கடாவை மேட்டுக்கு இழுத்துவந்து முட்டி போட்டது போல உட்காரவைத்தான். வாயில் இருந்த ரத்தத்தைத் துடைத்தான். வெளியே தொங்கிய நாக்கை உள்ளே திணித்தான். அறுத்த இடம் தெரியாமல் அர்ச்சா கிளைகளை ஒடித்துக் கழுத்தடியில் செருகினான். வயிறு தெரியாதபடி பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்தான். அவர் துப்பாக்கியைக் குறுக்கே வைத்துக்கொண்டு, பின்னால் தெரிந்த பனிமலையைப் போலவே நிமிர்ந்து உட்கார்ந்தார். படம் முடிந்ததும் எலெபெஸைப் பக்கத்தில் வரச்சொல்லிக் கையசைத்தார். ஊர்ப் பிள்ளையோடு ஒரு படம். சட்டைப் பையிலிருந்து சாக்லேட் ஒன்றும் வெளியே வந்தது.

எலெபெஸ் அம்மாவைப் பார்த்தான்.

"வேண்டாம்" என்றாள் அவள்.

"ஒரு போட்டோதானே தங்கச்சி. உம் பையன் உலகமெல்லாம் சுத்துவான்" என்றான் சோவெத்பெக்.

"எம் பையனை வச்சு உங்க பொய்யைச் சுத்த விட வேண்டாம்."

சோவெத்பெக்கின் சிரிப்பு அத்தோடு நின்றது. மெலிஸைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினான். தனியாகப் பேசினாலும் எல்லோருக்கும் கேட்டது. "உம் பொண்டாட்டியை அடக்கி வை. அனுமதி இல்லாம மலைக்கடாவை அறுத்திருக்க. நான் ஒரு போன் போட்டா துப்பாக்கியும் போகும், குதிரையும் போகும். ஒண்ணாப் படிச்சவன்னு பாக்கறேன்."

வெறும் ரவை போடுகிற துப்பாக்கியை வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் இப்படிச் சொன்னான். வயிற்றில் இருந்தது யார் குண்டு என்று அவனுக்குத் தெரியாதா. மெலிஸ் கையிலிருந்த கடிவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. கனிஷாய்க்கு சோவெத்பெக் மேல் வந்ததைவிடப் பெரிய ஆத்திரம் அப்போது புருஷன் மேல் வந்தது.

கடாவைத் தோலுரித்துத் தலையைத் தனியே எடுத்தார்கள். தலை விருந்தாளிக்கு. கறியைத் துண்டம் போட்டுச் சாக்குகளில் கட்டி குடிசையில் நின்ற கம்பெனி வண்டிக்குக் கொண்டுபோக இரண்டு குதிரைகளில் ஏற்றினான் சோவெத்பெக். அது அவனுக்கு. வழக்கமாக நடப்பதுதான் போல, கை வேகமாக வேலை செய்தது.

அப்போதுதான் எலெபெஸ் அந்தக் காரியத்தைச் செய்தான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வேட்டை முடித்து வருகிறவனை வழியில் யார் பார்த்தாலும் "ஷிரால்கா" என்று கேட்கலாம். கேட்டால் பங்கு கொடுக்க வேண்டும். எதிரி கேட்டாலும் கொடுக்க வேண்டும். அந்த ஊரில் பேச ஆரம்பித்த பிள்ளைக்குக்கூட அது தெரியும். எலெபெஸ் நேராகக் குதிரைக்கு முன்னால் போய் நின்று, முறைப்படி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, "ஷிரால்கா, மாமா" என்றான்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ராத்திரி முழுக்க வலியில் கிடந்த ஒன்றுக்குக் கடைசியில் தன் அப்பா செய்ததை அவன் பார்த்திருந்தான். தங்களுக்கும் அதில் ஒரு இடம் உண்டு என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும்.

சோவெத்பெக் அவனை ஏற இறங்கப் பார்த்தான். குனிந்து, தோலுரித்த இடத்தில் கிடந்த நுரையீரலைக் கத்தி முனையில் குத்தி எடுத்தான். எலெபெஸின் தலைக்கு மேலாக அதை வீசினான். சும்காரின் காலடியில் போய் விழுந்தது.

"இந்தா உங்க பங்கு" என்றான்.

வெளிநாட்டுக்காரர் சிரித்தார். நாய்க்குத் தீனி போடுகிறான் என்று அவர் நினைத்திருப்பார். செஸிம் சிரிக்கவில்லை. அவளும் அந்த மண்ணில் பிறந்தவள்தானே. அவள் குதிரையைத் திருப்பிக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டாள். எலெபெஸ் நெஞ்சில் வைத்த கையை எடுக்க மறந்து நின்றான். சும்கார் அதை முகர்ந்து பார்த்துவிட்டு எலெபெஸின் முகத்தைப் பார்த்தது.

கனிஷாய் கூடாரத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள். முளைகளைப் பிடுங்கினாள். பாத்திரங்களைப் பையில் திணித்தாள். சேண வாரை அவள் இழுத்துக் கட்டியதில் குதிரை திரும்பிப் பார்த்தது.

"நாளை மறுநாள்தானே போறதா இருந்தோம்" என்றான் மெலிஸ்.

"நீ இரு. அவன்கூட உக்காந்து கறி தின்னு."

ஊருக்கு இரண்டு வழி. கம்பெனி வண்டி போகிற மண் சாலை மலையைச் சுற்றிக்கொண்டு, கடைசியில் தாஷ்-கெச்சூ பாலத்தில் வந்து சேரும். ஆட்டுத் தடத்தில் குதிரை நேரே இறங்கிவிடும். கனிஷாய் எலெபெஸை முன்னால் வைத்துக்கொண்டு தடத்தில் இறங்கினாள். பாதி வழியில் ஓடை குறுக்கிட்ட இடத்தில் குதிரைகள் தண்ணீர் குடித்தபோது அவள் வெடித்தாள்.

"உன் பையன் நெஞ்சுல கை வச்சுக் கேட்டான். சோவெத் அதை நாய்க்கு வீசினான். நீ பாத்துக்கிட்டு நின்ன."

"துப்பாக்கியைப் பிடுங்கிடுவான்."

"பிடுங்கட்டும். அந்தத் துப்பாக்கி இருந்து என்ன? நேத்து உன் பொண்ணு ஒரு கௌதாரிக்காக முட்டி தேயத் தவழ்ந்தா. அவ முன்னாடி நாம எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கிறது?"

"ஒரே ஊருல இருக்கணும் கனிஷாய். அவன் வீட்டுத் துக்கத்துக்கு நாம போகணும், நம்ம வீட்டுத் துக்கத்துக்கு அவன் வரணும்."

"அது அவனுக்குத் தெரிய வேண்டாமா?"

பெகிமாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சண்டை போடாதீங்க. எலெபெஸ் அழறான்" என்றாள். உண்மையாகவே அழுதுகொண்டிருந்தான். சத்தமில்லாமல், அம்மாவின் கோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு.

ஊருக்குள் நுழைந்ததும் கனிஷாய் வீட்டுக்குப் போகவில்லை. முதல் வீட்டு வாசலில் குதிரையை நிறுத்தினாள். அந்த வீட்டுக்காரி உருளைக்கிழங்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. குடலைச் சொன்னாள், அர்ச்சா கிளையைச் சொன்னாள், நுரையீரலைச் சொன்னாள். கடைசியில், "கறியோட வண்டி இன்னைக்கு பாலத்துல வரும். நான் பாலத்துல நிக்கப் போறேன். கேக்கறது நம்ம உரிமை. வர்றதா இருந்தா வா" என்றாள். அடுத்த வீட்டுக்கும் அப்படியே. மூன்றாவது வீட்டைத் தாண்டிய பிறகு அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேச்சு அவளுக்கு முன்னால் ஓடியது. மற்றவர்கள் மனதிலும் கம்பெனி மேல் குறை இருந்திருக்கிறது. ஒருத்தியின் புருஷனைச் சுள்ளி பொறுக்கப் போனபோது கம்பியிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். இன்னொருத்தியின் மாடு கம்பெனி வேலியில் மாட்டிக் கால் ஒடிந்திருந்தது.

கம்பெனியின் உவாஸ் ஜீப் குலுங்கிக்கொண்டு பாலத்தை நெருங்கியபோது, பாலம் முழுக்க ஆட்கள். பெண்கள், பிள்ளைகள், கைத்தடி ஊன்றிய கிழவர்கள். யார் கையிலும் கல் இல்லை, கம்பு இல்லை. சிலர் கையில் சட்டியும் தட்டும் இருந்தன. சோவெத்பெக் ஹாரன் அடித்தான். யாரும் நகரவில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான்.

"என்ன இது? வழி விடுங்க."

"ஷிரால்கா" என்றாள் கனிஷாய்.

பக்கத்தில் நின்றவள் சொன்னாள். பின்னால் இருந்த பிள்ளைகள் சொன்னார்கள். பாலத்தின் அந்தக் கோடி வரைக்கும் அந்த ஒரே சொல் போயிற்று. யாரும் கத்தவில்லை. நல்ல வார்த்தையாகத்தான், நெஞ்சில் கை வைத்துத்தான் கேட்டார்கள். மறுக்க முடியாதபடி கேட்டார்கள்.

சோவெத்பெக் கூட்டத்தில் துழாவி மெலிஸைக் கண்டுபிடித்தான். அவன் பாலத்துக்கு வெளியே, குதிரைகளைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றிருந்தான். "மெலிஸு, நீயாவது சொல்லுடா. உம் பொண்டாட்டி ஊரைக் கூட்டி என்னை மானங்கெடுக்கறா. அப்புறம் நான் பொறுப்பில்ல."

மெலிஸ் கடிவாளங்களை மகளின் கையில் கொடுத்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. அவன் நடந்து வந்து வண்டியின் ஜன்னலுக்கு நேரே நின்றான்.

"கடாவை அறுத்தது நான்தான்" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "போன் போடுறதா இருந்தா இங்கேயே, இவங்க முன்னாடியே போடு. வயித்துல இருந்த குண்டையும் எடுத்துக் காட்டு." பிறகு இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தான். "ஷிரால்கா, சோவெத்."

வண்டிக்குள் வெளிநாட்டுக்காரர் என்ன நடக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். செஸிம் இந்தத் தடவை அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள் போலிருக்கிறது. ரொம்ப நேரம் பேசினாள். அவர் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

சோவெத்பெக் போன் போடவில்லை. இறங்கிவந்து பின்கதவைத் திறந்தான். சாக்கின் முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. மெலிஸ்தான் கத்தியால் அறுத்து அவிழ்த்தான். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி, விலா எலும்பு ஒன்று, தொடையில் ஒரு துண்டு. வாங்கும்போது ஒவ்வொருவரும் முறைப்படி, "உன் வேட்டை பெருகட்டும்" என்று சோவெத்பெக்கை வாழ்த்தினார்கள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் அவன் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. சாக்குகள் இரண்டும் காலியாகி, அடியில் ரத்தக் கறை மட்டும் மிஞ்சியது. கொம்புத்தலை வண்டியின் மூலையில் தார்ப்பாயில் சுற்றிக் கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

எலெபெஸ் வரிசையில் வரவில்லை. பெகிமாய் அவனைத் தள்ளிப் பார்த்தாள். "நான் ஒரு தடவை கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குதிரைகளுக்குப் பக்கத்திலேயே நின்றான்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். கம்பெனி சோவெத்பெக்கை வேலையிலிருந்து எடுக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர்க்காரர் யாருக்கும் கம்பி திறக்கவில்லை. பனி கொட்டத் தொடங்கிய சமயத்தில் வெளிநாட்டுக்காரர் இணையத்தில் போட்டிருந்த அந்தப் படம் பெகிமாயின் போனில் வந்தது. சாம்பல் தாடிக்காரர், கடா, கழுத்தடியில் பச்சை அர்ச்சா. நீண்ட கடினமான வேட்டை, ஒரே குண்டில் சுத்தமான மரணம் என்று கீழே எழுதியிருந்தது. பெகிமாய் அதற்கடியில் நடந்ததை எழுதினாள். எழுதியது சாயங்காலத்துக்குள் காணாமல் போயிற்று. மறுபடி எழுதினாள். மறுபடி போயிற்று.

வசந்தத்தில் கம்பெனி முதலாளி ஒருவர் ஊர்ச் சபைக்கு வந்தார். பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி மிட்டாய் கொண்டுவந்தார். எல்லாம் ஒரு தவறான புரிதல் என்று நீளமாகப் பேசினார். கனிஷாய் எழுந்தாள்.

"தவறான புரிதல் எதுவும் இல்லீங்க. எங்களுக்கு நல்லாவே புரிஞ்சுது. அடுத்த தடவை உங்க விருந்தாளி வயித்துல சுட்டுட்டு சாப்பிடப் போனா, பின்னாடி யாரு போவாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

முதலாளி வழிகாட்டிகளைப் பற்றிப் பேசினார், பயிற்சியைப் பற்றிப் பேசினார். அவள் உட்காரவில்லை. அதே கேள்வியை மறுபடி கேட்டாள். அவள் பின்னால் இருந்த பெண்களும் ஒவ்வொருத்தியாக எழுந்து நின்றார்கள். கடைசியில் அவர், ஒவ்வொரு வேட்டைக்கும் ஊரிலிருந்து ஒரு ஆளைக் கூடவே அனுப்பலாம், அந்த ஆள் சொல்லும்வரை காயம்பட்ட மிருகத்தை விட்டுவிட்டுத் திரும்பக் கூடாது என்று ஒத்துக்கொண்டார். கம்பியும் திறந்தது. யார் போவது என்று சபைத் தலைவர் கேட்டார்.

"நான் போறேன்" என்றான் மெலிஸ்.

முதல் தடவை போனவன் மூன்றாம் நாள் திரும்பினான். உதடு குளிரில் வெடித்திருந்தது. சேணத்தை இறக்கிவைத்துவிட்டுத் தேநீர் கேட்டான். கனிஷாய் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, "பட்டுச்சா?" என்றாள்.

"முன்னங்கால்ல பட்டுச்சு. ரெண்டாம் நாள் சாயங்காலம்தான் கண்டுபிடிச்சோம். விருந்தாளியைக் கூடவே இழுத்துட்டுப் போனேன். பாறையில உக்காந்து, திரும்பிப் போலாம்னு கெஞ்சினாரு. சோவெத்தும் கெஞ்சினான்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. நடந்துக்கிட்டே இருந்தேன்." தேநீரை ஒரு வாய் குடித்தான். "கம்பெனிகிட்டப் புகார் சொல்லப்போறாராம். ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேனாம்."

கனிஷாய்க்கு மறுபடி காது அடைத்தது. "யாரை? அவரையா?" என்றாள். எழுந்து அடுப்பில் விறகை முறித்துப் போட்டாள். "சொல்லட்டும். எழுதியே குடுக்கட்டும். கஷ்டப்படுத்தினது நிஜம்தான்னு நானும் வந்து கையெழுத்துப் போடறேன்."